பின்னால் நிற்கக் கூடாது

அந்தக் கொம்பியூட்டர் விளையாட்டில் ரொக்கெட்டால் டாங்கி அடிக்கிறவனுக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ரொக்கெட் முன்னுக்குப் பாயும்போது குழாயின் பின்பக்கத்தால் நெருப்பு வரும். அங்கே நிற்பவன் நம்முடைய ஆளாக இருந்தாலும் எரிந்து விழுவான். இதை விளையாட்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடியதில் புத்தகம் எங்கேயோ விடுபட்டது, பிறகு நான் அதைத் தேடவில்லை. அதனால் என் கூட்டாளியை இரண்டு மூன்று தரம் எரித்த பிறகுதான் அந்தப் பாடம் எனக்கு ஏறியது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து விளையாடுவோம். பெரியம்மாவின் மகன் லண்டனில் இருக்கிறார். எனக்கு அண்ணன் முறை. வரைபடத்தைப் பார்த்து எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று அவர்தான் சொல்வார். இன்னொருவன் முல்லைத்தீவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறான். முஸ்லிம் சனத்தை வடக்கை விட்டு வெளியேற்றியபோது போன அவனுடைய குடும்பம் புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடையைத் திறந்தது. நான் தர்மபுரத்தில் தண்ணீர்ப் பம்பும் லான்ட்மாஸ்டர் உழவு மெசினும் திருத்துகிறவன். பம்புக்கு வோஷர் வாங்க நான் கடைக்குப் போய்ப் பழகிய அந்த நண்பன் இப்போது விளையாட்டில் எனக்கு ரொக்கெட் சுமக்கிறான். அவனுக்கு ஒரு பழக்கம். எங்கே பயம் வந்தாலும் ஓடி வந்து எனக்குப் பின்னால்தான் நிற்பான்.

"உன்ர புகையில நான் எத்தினை தரமடா மௌத்தாகிறது?" என்று கேட்பான்.

"பக்கத்தில நில்லன். பின்னால என்ன புதையலே கிடக்கு?"

"முன்னால டாங்கி, பின்னால நீ. எனக்கு ரெண்டும் ஒண்டுதான் மச்சான்."

டாங்கி அடிக்கும் வேலையை அண்ணன் எனக்குத் தந்தது நான் வீரன் என்பதால் அல்ல. "நீதான்ரா இதுக்குச் சரி. நீ பயந்தவன். பயந்தவன் அவசரப்பட்டு அடிக்க மாட்டான்" என்றார். அது உண்மை. வீட்டைப் பூட்டிவிட்டு ஒழுங்கை முகப்பு வரை போய், பூட்டினேனா என்று திரும்பி வருகிற ஆள் நான். காஸ் அடுப்பு, கிணற்று மூடி, மழைக்கு ஜன்னல் கம்பியில் கட்டிவைத்த ரவுட்டர், எல்லாவற்றையும் நினைத்து நினைத்து நெஞ்சு அடிக்கும். விளையாட்டில் மட்டும் பயப்பட ஒரேயொரு விஷயம்தான் இருக்கும். அது இரும்புச் சங்கிலிச் சத்தத்தோடு வரும். அதை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தால் போதும். சொல்லப்போனால், வாரத்தில் என் மனம் ஆறுகிற நேரம் அதுதான்.

எங்களைப் போன்றவர்களுக்கு இது என்ன விளையாட்டு என்று சிலர் கேட்டிருக்கிறார்கள்.  அந்தச் சண்டை நாட்களில் நான் சின்னப் பெடியன். படுக்கச் சொன்னால் படுத்தேன், ஓடச் சொன்னால் ஓடினேன். சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று காது அப்போது பழகிக்கொண்டது. பழகிய காது இன்னும் இருக்கிறது, அதற்கு வேறு வேலை இல்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அம்மா என்னோடு வந்து இருக்கத் தொடங்கியது போன மாரிக்குப் பிறகு. அதுவரை ஓமந்தையில் அக்கா வீட்டில் இருந்தார். திடீர்ச் சத்தம் அம்மாவுக்கு ஆகாது. அங்கே ஒரு கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தியபோது சனத்துக்கு நடுவில், தார் ரோட்டில், அப்படியே குப்புறப் படுத்துவிட்டார். அன்றைக்குப் பிறகு அக்கா அவரைத் தனியே கடைக்கும் விடவில்லை, கிணற்றடிக்கும் விடவில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் பலூன் வாங்குவதைக்கூட நிற்பாட்டிவிட்டார்கள். கடைசியில் அம்மா, "நான் என்ர காணிக்குப் போறன்" என்று பையைத் தூக்கினார். அக்கா ஒரு நிபந்தனையோடுதான் விட்டார். அறுவடை முடியும் வரை பார்ப்பது. அதற்குள் அம்மா ஒரு தரம் பயந்து விழுந்தார் என்று கேள்விப்பட்டாலும் வான் பிடித்து வந்து ஏற்றிக்கொண்டு போவது. ஓமந்தையில் இருந்து வவுனியா ஆஸ்பத்திரி கிட்ட, இங்கே என்ன இருக்கிறது என்பது அக்காவின் கேள்வி. 

அம்மா வந்த கிழமையே முற்றத்தில் பயற்றங்கொடிக்குப் பந்தல் போட்டார். கோழிக்கூட்டின் வாசலைக் கிழக்கே திருப்பி வைத்தார். பக்கத்து வீட்டு மாமியோடு தனியே குளத்தடிக்குப் போய்க் கீரை பிடுங்கி வந்தார். அக்கா வீட்டில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தவர் இங்கே ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். அவரைத் திரும்ப ஏற்றி அனுப்ப எனக்கு மனமில்லை. அதனால்தான் விளையாட்டு எனக்குச் சிக்கலாகிப் போனது.

என்னுடைய வீடு சண்டைக்குப் பிறகு கட்டித் தந்த வீட்டுத்திட்ட வீடு. முன்னறை, ஒரு சின்ன அறை, குசினி. கொம்பியூட்டர் முன்னறையில், ஜன்னலோரம், எனக்கு முதுகுப்பக்கம் குசினி வாசல். ஹெட்செட்டைக் காதில் போட்டால் சத்தம் வெளியே போகாது, சரி. ஆனால் அம்மா எங்கே நிற்கிறார் என்று எனக்கும் கேட்காது. ஆகவே ஒரு காதை மூடி, மற்றக் காதைத் திறந்து வைத்து விளையாடினேன். ஒரு காதில் டாங்கி, மற்றக் காதில் கோழி, வாளி, குசினிக் கதவு. டாங்கி இடமிருந்து வருகிறதா வலமிருந்து வருகிறதா என்று ஒற்றைக் காதால் பிடிக்க ஏலாது. நான் பிழையான பக்கம் திரும்பிக்கொண்டு கிடக்க, அது பின்னால் வந்து எங்களை முடித்துவிடும்.

"நீ என்னடா செய்யிறாய்? முந்தி நாய் மாதிரிக் காது கேட்டுது உனக்கு" என்று அண்ணன் ஏசினார்.

கதைக்கும் சொல்லையும் மாற்றினோம். டாங்கியை 'எருமை' என்பது. இதை நண்பன்தான் கண்டுபிடித்தான். எருமை பாலத்தால் வருது, எருமை நிக்குது, எருமைக்கு ஒரு கால் போயிட்டுது. அம்மா சில நாள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சோறு போடும்போது விசாரித்தார்.

"உன்ர கூட்டாளியின்ர எருமை இன்னும் அம்பிடேல்லையோ?"

"இல்லையம்மா. தேடுறம்."

"கட்டி வளர்க்கத் தெரியாதவனுக்கு எருமை என்னத்துக்கு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்ல வெயில். மிளகாய் இடிக்கவென்று அம்மா மாமி வீட்டுக்குப் புறப்பட்டார். படலை சாத்தும் சத்தம் கேட்டது. எழும்பிப் போய் எட்டிப் பார்த்தேன். தலையில் சுளகோடு ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்தார். மிளகாய் இடித்து, அரித்து, கதை பேசி வர இருட்டிவிடும். அம்மா வந்த நாள் முதல் அன்றைக்குத்தான் நான் ஹெட்செட்டை இரண்டு காதிலும் போட்டேன்.

விளையாட்டில் அது ஒரு குளிர்நாட்டுக் கிராமம். கோதுமை வயல், ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு மதகு, றோட்டுக்குக் கீழே தண்ணீர் போகிற சின்னப் பாலம். அண்ணன் என்னை வீட்டு மாடிக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. மதகுக்கு முன்னால் எந்த வாகனமும் கொஞ்சம் வேகம் குறைக்கும். எங்களுடைய வாய்க்கால் றோட்டில் தினமும் பார்ப்பதுதானே. மதகுக்குக் கீழே தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிப் படுத்தேன். என்னிடம் இரண்டு ரொக்கெட்தான். முன்னால் இருந்து அடித்தால் டாங்கிக்கு எறும்பு கடித்த மாதிரி. அதைத் தலைக்கு மேலே கடந்து போகவிட்டு, பின்பக்கத்தில் அடிக்க வேண்டும். அதற்குள் அது என்னைக் காணக் கூடாது.

"வருதடா, வருது. ரெண்டு எருமை. பின்னால ஆக்களும் வருகினம்" என்றார் அண்ணன்.

"மச்சான், பாங்கு சொல்ல முன்னம் முடிப்பம். நான் தொழப் பள்ளிக்குப் போகோணும்" என்றான் நண்பன்.

"கதைக்காத" என்றேன்.

இரண்டு காதிலும் கேட்பது எவ்வளவு நல்லது என்று மறந்தே போயிருந்தேன். சங்கிலி கல்லில் ஏறி இறங்குவது, என்ஜின் மூச்சு விடுவது, எல்லாம் தனித்தனியே கேட்டது. முதலாவது என் தலைக்கு மேலே மதகில் ஏறியது. ஸ்கிரீன் ஆடியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது இறங்கியது. அதன் முதுகு தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, எனக்குப் பின்னால் கானுக்குள் யாரோ குதிக்கும் சத்தம். பார்க்காமலே தெரியும், நண்பன்தான்.

"பின்னால நிக்காதை. விலத்து. படு, படு."

நான் கத்தினேன். காது இரண்டும் அடைத்திருந்தால் தன் குரலின் அளவு தனக்குத் தெரியாது. அடித்தேன். டாங்கி தீப்பற்றியது. அண்ணன் "அப்பிடித்தான்" என்றது கேட்டது. அதே நேரம் என் குதிக்காலில் ஏதோ சுட்டது. குனிந்து பார்த்தேன். தேத்தண்ணீர். நிலமெல்லாம் ஓடியது. கதிரையின் காலடியில் கப் உருண்டுகொண்டிருந்தது.

மாமி வீடு பூட்டிக் கிடந்ததாம். அம்மா குசினி வாசலால் வந்து, தேத்தண்ணீர் ஊற்றி, நான் மூச்சுப் பிடித்திருப்பதைக் கண்டு குழப்பாமல், கதிரைக்குப் பின்னால் கப்போடு நின்றிருக்கிறார்.

இப்போது நிலத்தில் கிடந்தார். குப்புற. முழங்கை இரண்டையும் ஊன்றி, நெஞ்சு நிலத்தில் முட்டாமல் சற்றுத் தூக்கி, விரலால் காதை அடைத்து, வாயைத் திறந்தபடி. அப்படிப் படுக்க எங்களுக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான். வாயைத் திறக்காவிட்டால் காது போய்விடும் என்று எனக்கும் அக்காவுக்கும் தாடையைப் பிடித்துத் திறந்துவிட்ட கை அது. கையில் தேத்தண்ணீர் கொட்டிச் சிவந்திருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

நான் கதிரையில் இருந்து பாய்ந்தேன். ஹெட்செட் என் தலையில் இருந்தது. வயர் இழுபட்டு, கொம்பியூட்டரில் இருந்து கழன்றது. கழன்றால் சத்தம் ஸ்பீக்கருக்குப் போகும். முன்னறை முழுக்க இரண்டாவது டாங்கி வந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அதற்கு மேலே நண்பனின் குரல், "மச்சான், உனக்கு நேர வருது, அடிடா, என்ன செய்யிறாய்". அம்மாவின் முதுகு ஒரு தரம் துள்ளியது. நான் முழங்காலில் ஊர்ந்து போய், சுவரில் இருந்த பிளக்கைக் கையால் பிடுங்கினேன்.

சத்தம் நின்றது. வெளியே கோழி மட்டும் கொக்கரித்தது.

"அம்மா. ஒண்டுமில்லையம்மா. விளையாட்டு. எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை. தொடப் போன கையை இழுத்துக்கொண்டேன். தொட்டால் இன்னும் பயப்படுவாரோ என்று பயம். என்ன செய்வது என்று தெரியாமல் நானும் பக்கத்தில் படுத்தேன். சீமெந்து நிலம் சூடாக இருந்தது. தேத்தண்ணீர் என் சேட்டில் ஊறியது. அவருடைய ஒரு கண் என்னைப் பார்த்தது.

"போயிட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. போயிட்டுது."

"கொஞ்சம் கிட. உடன எழும்பக் கூடாது."

கிடந்தேன். அக்கா அடுத்த நாள் காலையில் வருவதாக இருந்தது. அதுதான் என் மூளைக்குள் ஓடியது. கையின் சிவப்பை மறைக்க ஏலாது. அம்மாவின் பை, பயற்றம்பந்தல், கோழிக்கூடு எல்லாம் கண்ணுக்குள் வந்து வந்து போயின. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோமோ, எறும்பு தேத்தண்ணீருக்கு வந்துவிட்டது. அம்மா முதலில் எழும்பி இருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். உருண்டு கிடந்த கப்பை எடுத்து, உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எருமைக்கு ஆரடா நிலத்தில படுக்கிறது?" என்றார்.

 எருமை எது என்று அவருக்கு முதலில் இருந்தே தெரிந்திருக்கிறது.

இருட்ட முன்னம் நண்பன் போன் எடுத்தான். பள்ளிக்குப் போகிற வழியில் நின்று கதைத்தான். "அம்மாவுக்கு என்ன? கப் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டுது மச்சான். நீ அம்மாவைப் பார். எருமையை நான் பாத்திட்டன்" என்றான். அவன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நாங்கள் தோற்றோம்.

விடியக் காலை ஏதோ இழுபடும் சத்தத்துக்கு எழும்பினேன். அம்மா தனியாகக் கொம்பியூட்டர் மேசையை இழுத்துக்கொண்டிருந்தார். மற்றக் கரையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மேசையை அறை நடுவுக்குக் கொண்டுவந்து, கதிரையைச் சுவரோடு ஒட்டி வைத்தார். இப்போது உட்கார்ந்தால் என் முதுகு சுவரில் முட்டும். முகம் குசினி வாசலைப் பார்க்கும்.

"இனி உனக்குப் பின்னால ஒருத்தரும் நிக்க ஏலாது" என்றார். "முன்னால வந்தா உனக்குத் தெரியும்தானே."

அக்கா வந்து இறங்கியதும் முதலில் கண்டது கையைத்தான். என்ன, எப்படி என்று கேட்க முன்னமே அம்மா, "தேத்தண்ணி ஊத்துப்பட்டது" என்றார். அக்கா நிலத்தைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னால் பொய்யை நெடுநேரம் வைத்திருக்க முடியாது.

"நான்தான் கத்தினனான். அம்மா படுத்திட்டா" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வயர் கழன்றதையும் சொன்னேன்.

 அக்கா அறைக்குள் போய் அம்மாவின் பையை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அலுமாரியில் இருந்து சேலைகளை எடுக்கத் தொடங்கினார். நான் வாசலில் நின்றேன். அம்மா குசினிக்குள் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார். அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"என்னத்துக்கு உது?"

"உங்களுக்கு ஏதும் நடந்தா நான் ஆருக்கம்மா பதில் சொல்லுறது? இவன் டாங்கி விளையாடுறான், நீங்கள் நிலத்தில கிடக்கிறியள். இது வீடோ?"

"படுத்தனான், ஓம்" என்றார் அம்மா. "பிறகு எழும்பினனான்தானே."

அக்கா சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உன்ர வீட்டில நான் படுத்தா எல்லாரும் ஓடி வருவியள். தண்ணி தெளிப்பியள். தூக்குவியள். நானா எழும்ப ஒருநாளும் விட்டதில்லை. இவனுக்குத் தூக்கத் தெரியேல்லை. பக்கத்தில கிடந்தான், பேயன் மாதிரி. நான் எழும்பி அவனையும் எழுப்பினனான்."

அக்கா அழுதாரா என்று நான் பார்க்கவில்லை, முற்றத்துக்கு இறங்கிவிட்டேன். திரும்பி வரும்போது சேலைகள் அலுமாரிக்குள் போயிருந்தன. பை மட்டும் கட்டிலில் கிடந்தது. அக்கா அதைச் சுருட்டித் தன்னோடு கொண்டு போனார். போகும்போது என்னிடம், "அறுவடை முடிய இன்னும் கிடக்கு. பாப்பம்" என்றார். அது பயமுறுத்தலா, விட்டுக்கொடுத்தலா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புதிய இடத்தில் உட்கார்ந்தேன். விளையாட்டில் முதுகுக்குப் பின்னால் சுவரை வைத்துக்கொண்டு எவனும் ரொக்கெட் அடிக்க மாட்டான். நெருப்பு சுவரில் பட்டுத் திரும்பி அடித்தவனையே எரிக்கும். மேசை திரும்பிய கதையைக் கேட்டதும் நண்பன் அதைத்தான் சொன்னான், "முடிஞ்சுதடா நீ."

மதகு, கான், சங்கிலிச் சத்தம். இரண்டு காதும் மூடியிருந்தது. ஸ்கிரீனுக்கு மேலால் குசினி வாசல் தெரிந்தது. டாங்கி தலைக்கு மேலே ஏறும்போது அம்மா வாசலுக்கு வந்தார். கையில் கப். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் நிலைப்படியைத் தாண்டவில்லை. அவருடைய கப்பில் தேத்தண்ணீர் நடுங்குகிறதா என்று ஒரு கண்ணாலும், டாங்கியின் முதுகை மற்றக் கண்ணாலும் பார்த்தேன். குரலை எழுப்பாமல், மைக்குக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "விலத்து" என்றேன். அடித்தேன். பட்டதா இல்லையா என்று பார்க்க முன்னமே ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன், வயரைக் கையால் பிடித்துக்கொண்டு.

"அடிச்சிட்டியோ?" என்று அம்மா வாசலில் நின்றே கேட்டார்.

"ஓம் அம்மா."

"அப்ப வந்து வாங்கு. நான் அங்கால வரமாட்டன்."

எழும்பிப் போய் வாங்கினேன்.